வேகமாகத் தமிழில் தட்டச்சு செய்ய எந்தக் கைப்பேசி? – வாசகர் கேள்வி பதில்

கைப்பேசி வாங்குவது குறித்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் கேமராவைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் கேட்பவர்களே மிகுதி. நாள்தோறும் பல மணி நேரம் கைப்பேசியிலேயே எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இம்முறை தனியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதற்கென்றே கைப்பேசி தேடுகிறவர்களுக்கு விளம்பரங்களில் எந்த உதவியும் கிடைப்பதில்லை என்பதால், பதில்கள் சற்று நீண்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: நான் ஒரு நாளிதழின் வட்டாரச் செய்தியாளர். செய்திகளை எல்லாம் கைப்பேசியிலேயே தட்டி வாட்ஸ்அப் வழியே அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். வேகமாகத் தட்டும்போது அடிக்கடி பக்கத்து எழுத்து விழுந்துவிடுகிறது. இருபதாயிரம் ரூபாய்க்குள் புதிய கைப்பேசி வாங்க எண்ணியுள்ளேன். கடைக்காரர் பெரிய திரையாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார். அது சரியா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பாதி சரி. உங்களுக்கு வேண்டியது அகலமான திரை. கடைக்காரர் சொல்லும் 'பெரிய' திரை எப்போதும் அகலமானதாக இருப்பதில்லை. 6.1 அங்குலம், 6.7 அங்குலம் என்று பெட்டியில் அச்சிடப்படுவது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையிலான குறுக்களவு. திரை உயரமாக ஆக ஆக இந்த எண் கூடிக்கொண்டே போகும். ஆனால் விசைகள் வரிசையாக அமர்வது அகலத்தில்தான். 2019ஆம் ஆண்டு வெளிவந்த சோனி எக்ஸ்பீரியா 1 கைப்பேசியின் திரை 6.5 அங்குலம், எனினும் அது 21-க்கு 9 என்ற விகிதத்தில் நெட்டையாக அமைந்திருந்ததால், அதன் அகலம் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர்தான். வழக்கமான 19.5-க்கு 9 விகிதத்தில் அமைந்த 6.1 அங்குலத் திரையின் அகலமும் ஏறத்தாழ அதுவே.

இதை விசைகளின் கணக்கில் பாருங்கள். ஆங்கில விசைப்பலகையில் ஒரு வரிசைக்குப் பத்து விசைகள் இருப்பதால், 65 மில்லிமீட்டர் அகலத் திரையில் ஒரு விசைக்கு ஆறரை மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் விசை அமைப்பான தமிழ் 99 விசைப்பலகையின் மேல் வரிசையிலோ பன்னிரண்டு எழுத்துகள் உள்ளன. அவற்றை அப்படியே திரையில் அடுக்கும் செயலியில் ஒரு விசைக்கு ஐந்தரை மில்லிமீட்டர்கூட முழுதாகக் கிடைக்காது. அதே செயலியை 70 மில்லிமீட்டர் அகலத் திரையில் திறந்தால் விசையின் அகலம் ஆறு மில்லிமீட்டரை நெருங்கிவிடும். அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் கட்டைவிரலின் நுனி ஒரு விசையைவிட அகலமானது என்பதால், விசைகள் நெருங்க நெருங்கப் பக்கத்து எழுத்து விழுவதும் கூடும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்குப் போதுமான கைப்பேசி, தமிழில் எழுதுகிறவருக்குப் போதாமல் போவது இதனால்தான்.

ஆகவே கடையில் திரையின் குறுக்களவைக் கேட்பதோடு, கைப்பேசியின் உடல் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் பாருங்கள். தயாரிப்பு நிறுவனங்களின் விவரப் பட்டியலில் அது கட்டாயம் இருக்கும். ஐபோன் 13 மினியின் அகலம் 64.2 மில்லிமீட்டர், ஐபோன் 15இன் அகலம் 71.6, சாம்சங் கேலக்சி எஸ் 24 அல்ட்ராவின் அகலம் 79 என்று, சந்தையில் வந்தவற்றுக்குள் இருக்கும் இடைவெளி மிகப் பெரிது. இரு கட்டைவிரல்களாலும் தட்டுகிறவருக்கு 74 முதல் 77 மில்லிமீட்டர் வரை வசதியாக இருக்கும் என்பது என் கருத்து. உங்கள் விலைவரம்பில் கிடைக்கும் பெரும்பாலான கைப்பேசிகள் இந்த அகலத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஒரு கையில் குறிப்பேட்டையோ ஒலிவாங்கியையோ வைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் தட்ட வேண்டிய வேலை என்றால் 72-ஐத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் கட்டைவிரல் எதிர் ஓரத்து எழுத்தை எட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் பிடியைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

அடுத்து, திரை தட்டையாக இருக்க வேண்டும். இரு ஓரங்களும் வளைந்து இறங்கும் திரை பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் தமிழ் 99 பலகையின் மேல் வரிசையில் இடக்கோடியில் இருப்பது 'ஆ' என்ற உயிர். அது நம் மொழியில் எத்தனை முறை வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த விசை வளைவில் விழுந்தால் தட்டு நழுவும். கைப்பேசியைப் பிடித்திருக்கும் உள்ளங்கையும் அங்கே படும்.

மூன்றாவதாக அதிர்வு. விசையைத் தட்டியதும் விரலுக்குக் கிடைக்கும் சிறு அதிர்வு, பார்க்காமலே தட்டுகிறவருக்குப் பெரிய துணை. விலை குறைந்த கைப்பேசிகளில் சுழலும் மோட்டார் இருக்கிறது; அது சுழலத் தொடங்கவும் நிற்கவும் நேரம் எடுத்துக்கொள்வதால், வேகமாகத் தட்டும்போது தனித்தனித் தட்டுகள் மறைந்து ஒரே ரீங்காரமாகக் கேட்கும். நேர்கோட்டில் அசையும் மோட்டார் உள்ள கைப்பேசியில் ஒவ்வொரு தட்டும் தனியாக, சுருக்கமாக உணரப்படும். விவரப் பட்டியலில் இதைச் சிலர் குறிப்பிடுவார்கள், சிலர் குறிப்பிட மாட்டார்கள். கடையில் வைத்திருக்கும் காட்சிக் கைப்பேசியில் நீங்களே பத்து வரி தட்டிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. மோட்டார் மோசமாக இருந்தால் அதிர்வை முழுவதும் அணைத்துவிட்டு எழுதுவது மேல்.

120 ஹெர்ட்ஸ் திரை தேவையா என்றும் பலர் கேட்கிறார்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறையும் 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லிநொடிக்கு ஒரு முறையும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். தட்டிய எழுத்து கண்ணுக்குச் சற்று விரைவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அகலத்தையும் தட்டையான திரையையும் விட்டுக்கொடுத்து இதை வாங்க வேண்டாம்.

எடையையும் பாருங்கள். நின்றுகொண்டே எழுதும் உங்களைப் போன்றவர்களுக்கு 200 கிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. கட்டைவிரலின் அடிப்பகுதியிலும் மணிக்கட்டின் ஓரத்திலும் வலி தொடர்ந்தால் கைப்பேசியை மாற்றுவதோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரல் தசைநாண்களின் உறை தடிப்பதால் வரும் அந்த வலியைத் தொடக்கத்திலேயே கவனித்தால் எளிதில் தீர்க்கலாம்.

கேள்வி: ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்ளும் முறையில்தான் நான் பல ஆண்டுகளாக எழுதுகிறேன். தமிழ் 99 முறைக்கு மாறினால் வேகம் கூடும் என்று நண்பர் சொல்கிறார். இந்த வயதில் புதிய விசைப்பலகையைக் கற்பது வீண் வேலையா? கைப்பேசியை மாற்றுவதா, விசைப்பலகையை மாற்றுவதா?
– கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முதலில் விசைப்பலகையை மாற்றுங்கள். கைப்பேசி பிறகு. இந்தக் கருத்தில் எனக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை.

தமிழ் 99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவாகித் தமிழ்நாடு அரசின் ஏற்பைப் பெற்ற விசைப்பலகை. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என முப்பத்தொரு விசைகளுக்குள் தமிழ் முழுவதையும் அது அடக்கிவிடுகிறது. உயிர்கள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் இருப்பதால் இரு கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. கணினிக்காக அமைக்கப்பட்ட இந்த ஏற்பாடு, இரு கட்டைவிரல்களால் தட்டும் கைப்பேசிக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது: வலக் கட்டைவிரல் மெய்யைத் தட்டி முடிப்பதற்குள் இடக் கட்டைவிரல் உயிரின் மீது வந்து நிற்கிறது.

விசைகளின் எண்ணிக்கையில் கிடைக்கும் மிச்சம் அகர மெய்களில் தெரியும். 'மரம்' என்று எழுத ஆங்கில எழுத்துவழி முறையில் ஐந்து தட்டுகள் வேண்டும். தமிழ் 99இல் ம, ர, ம, புள்ளி என்று நான்கு போதும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று தட்டினால் முதல் மகரத்தின் மேல் புள்ளி தானாகவே விழுந்துவிடும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற என இன எழுத்துகள் அடுத்தடுத்து வரும்போதும் அப்படியே. ஆகவே 'நன்றி' என்ற சொல் ந, ன, ற, இ என நான்கே தட்டுகளில் முடிகிறது. ஆங்கில எழுத்துகளில் அதற்கு ஆறு தட்டுகள் வேண்டும்.

நீண்ட வினைச்சொற்களில் இந்த மிச்சம் அவ்வளவாக இராது. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதற்குத் தமிழ் 99இல் பதினெட்டுத் தட்டுகள், ஆங்கில எழுத்துகளில் பத்தொன்பது. உண்மையான வேகம் வேறிடத்திலிருந்து வருகிறது. ஆங்கில எழுத்துவழி முறை இரண்டு வகைப்படும். முரசு அஞ்சல் முறையைப் போன்ற விதிமுறைப் பலகையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி எழுத்துகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ள, ண, ற ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து வேண்டியிருப்பதால், கைப்பேசியில் மாற்று (ஷிப்ட்) விசையையும் சேர்த்து இரண்டு தட்டுகள் ஆகின்றன. சொற்பட்டியலை வைத்து ஊகிக்கும் இன்னொரு வகையில், நீங்கள் ஏதோ ஒரு விதமாகத் தட்டினால் 'பள்ளி'யா 'பல்லி'யா என்பதைச் செயலி முடிவு செய்கிறது. அது சரியாக முடிவு செய்ததா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் மேலே பார்க்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் விகுதிகளும் சாரியைகளும் ஒட்டி ஒட்டி நீளும் இயல்புடையவை என்பதால் எந்தச் சொற்பட்டியலாலும் எல்லா வடிவங்களையும் கொள்ள முடியாது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' போன்ற ஒரு வடிவம் பட்டியலில் இல்லையென்றால் ஊகம் தவறுகிறது, நீங்கள் திரும்பிச் சென்று திருத்துகிறீர்கள். கண் மேலே போய்த் திரும்பும் அந்த நொடிகள்தான் ஒரு நாளில் மணிக்கணக்காகச் சேர்கின்றன.

பரிந்துரைச் சொற்களைப் பார்த்துத் தேர்வதால் வேகம் கூடுவதில்லை என்பதை ஆங்கிலத் தட்டச்சில் ஆராய்ந்தே கண்டிருக்கிறார்கள். ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தினரும் கேம்பிரிட்ஜ், சூரிச் ஆய்வாளர்களும் சேர்ந்து 37,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பேசியில் சராசரி வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 36 சொற்கள். இரு கட்டைவிரல்களால் தட்டுகிறவர்களுக்கு 38. தானாகத் திருத்தும் வசதி அவர்களுக்கு உதவியது. சொற்களைக் கையால் தேர்வது உதவவில்லை. தமிழில் தானியங்கித் திருத்தம் ஆங்கிலத்தின் அளவுக்கு இன்னும் முதிரவில்லை. ஆகவே நமக்கு வேண்டியது, தட்டியது தட்டியபடியே விழும் விசைப்பலகைதான்.

ஐபோன்களில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டும் உள்ளமைந்தே இருக்கின்றன; தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியைப் பயன்படுத்தலாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அச்செயலி, பொத்தான் கைப்பேசிகளின் காலத்திலிருந்தே தமிழ்க் குறுஞ்செய்திகளுக்குப் பயன்பட்டு வந்தது. வேறு எந்தச் செயலியை நிறுவினாலும் 'அ, ம, ம, ஆ' என்று தட்டிப் பாருங்கள். புள்ளி தானாக விழவில்லையென்றால் அது விசைகளின் இடத்தை மட்டுமே தமிழ் 99இலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

முதல் இரண்டு வாரங்கள் வேகம் பாதியாகக் குறையும். அதை எதிர்பார்த்துத் தொடங்குங்கள். தேர்வுத்தாள் திருத்தும் காலத்திலோ அவசர வேலைகளின் நடுவிலோ தொடங்காமல், விடுமுறையில் தொடங்குங்கள். பாட்டு வரிகளையோ மனப்பாடமாகத் தெரிந்த குறள்களையோ தட்டிப் பழகினால் எதை எழுதுவது என்ற சிந்தனை குறுக்கிடாது. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுத்துகள் உங்களுக்குத் தெரிந்தவை, அவற்றின் இடங்கள் மட்டுமே புதியவை.

கேள்வி: எனக்குத் தொடுதிரை பிடிக்கவில்லை. பிளாக்பெரி, நோக்கியா இ71 போல விசைகள் கொண்ட கைப்பேசி இப்போது கிடைக்குமா? அதில் தமிழ் எழுத முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழைய பிளாக்பெரியைத் தேடி வாங்க வேண்டாம். அதன் சொந்த இயங்குதளத்தில் ஓடிய கைப்பேசிகளுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டன. 2018இல் வந்த கீ 2 ஆண்ட்ராய்டில் இயங்குவது என்றாலும், அது ஆண்ட்ராய்டு 8.1-உடன் நின்றுவிட்டது, வங்கிச் செயலிகளை வைத்திருக்கும் கைப்பேசியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யூனிஹெர்ட்ஸ் நிறுவனத்தின் டைட்டன் வரிசைக் கைப்பேசிகளில் விசைகள் உண்டு. ஐபோனின் அடியில் பொருத்தும் விசைப்பலகையோடு கூடிய கிளிக்ஸ் என்ற உறையும் 2024இல் வந்தது. இவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நேர்ந்தால், பழுது பார்ப்பதற்கு உள்ளூரில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தமிழுக்கு இவற்றில் ஓர் அடிப்படைத் தடை உள்ளது. இவற்றின் எழுத்து விசைகள் இருபத்தாறு. தமிழ் 99-க்கு வேண்டியவை முப்பத்தொன்று. மீதி ஐந்தையும் மாற்று விசையோடு சேர்த்துத் தட்ட வேண்டும், விசைகளின் மேல் தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்காது. ஆங்கில எழுத்துவழி முறையில் எழுதுகிறவருக்கு மட்டுமே இவை பொருந்தும்.

மேசையில் அமர்ந்து எழுதும் வழக்கம் உண்டென்றால், ஒரு புளூடூத் விசைப்பலகையை இணைத்துக்கொள்வதே சிறந்த வழி. லாஜிடெக் கே 380 போன்றவை மூன்று கருவிகளோடு மாறி மாறி இணையும். வாங்குமுன், நீங்கள் பயன்படுத்தும் தமிழ்ச் செயலி புறவிசைப்பலகையிலும் வேலை செய்கிறதா என்பதை நண்பர் ஒருவரின் விசைப்பலகையில் சோதித்துவிடுங்கள். திரையில் நன்றாக ஓடும் சில செயலிகள் புறவிசைப்பலகையை இணைத்ததும் ஆங்கிலத்தை மட்டுமே தரும்.

கேள்வி: எனக்கு 74 வயது. அரசு அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது சிறுகதைகள் எழுதுகிறேன். விரல்களில் இலேசான நடுக்கம் இருப்பதால் ஒரே எழுத்து இரண்டு முறை விழுகிறது. எனக்கு ஏற்ற கைப்பேசி எது?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஐயா, தங்களுக்கு அகலமான, தட்டையான திரையோடு, தொடுதலைச் சரிப்படுத்தும் அமைப்புகளும் உள்ள கைப்பேசி தேவை. சாம்சங் கைப்பேசிகளின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளில், விரல் எவ்வளவு நேரம் பதிந்தால் அதைத் தட்டாகக் கொள்ள வேண்டும் என்பதையும், அடுத்தடுத்து விழும் தொடுதலை எவ்வளவு நேரத்துக்குப் புறக்கணிக்க வேண்டும் என்பதையும் தாங்களே வரையறுக்கலாம். ஐபோனிலும் இதே ஏற்பாடு உண்டு. பின்னதை மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் 'க்க', 'த்த' போன்ற இரட்டிப்புகளை வேண்டுமென்றே தட்டும்போதும் ஓரெழுத்து விழாமல் போகும். விசைப்பலகையின் உயரத்தையும் கூட்டி வையுங்கள். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டிலும் சாம்சங்கின் சொந்த விசைப்பலகையிலும் அதற்கு இடமுண்டு.

பழைய தட்டச்சுப் பொறியில் 'கெ' எழுத முதலில் கொம்பையும் பிறகு ககரத்தையும் அடித்துப் பழகிய கை தங்களுடையது. தமிழ் 99இல் ஒலிக்கும் வரிசையிலேயே, அதாவது க-வை முதலில் தட்டி எ-வைப் பிறகு தட்ட வேண்டும். பழைய பழக்கம் குறுக்கிடுவதாக உணர்ந்தால், கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஜிபோர்டில் திரையின் மேல் விரலாலேயே எழுதித் தமிழ் எழுத்துகளைப் பெறும் வசதி இருக்கிறது. அதற்காகவே எழுதுகோல் உள்ள கைப்பேசி ஒன்றை வாங்குவது, தங்கள் வசதி இடம் கொடுத்தால், நல்ல செலவு.

கூகுள் 2017 ஆகஸ்டு முதல் தமிழில் பேச்சைத் தட்டச்சாக்கும் வசதியைத் தந்து வருகிறது. கதையின் முதல் வரைவைப் பேசியே பதிந்துவிட்டு, திருத்தங்களை மட்டும் கையால் செய்தால் விரல்களுக்குப் பாதி வேலை குறையும். நிறுத்தக்குறிகளையும் ஒற்று மிகும் இடங்களையும் தாங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கைப்பேசியில் விசைப்பலகை திறக்கவே நேரம் எடுக்கிறது. தட்டிய எழுத்துகள் சிறிது நேரம் கழித்துக் கூட்டமாக வந்து விழுகின்றன. புதியது வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– துணிக்கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: உடனே வேண்டாம். சேமிப்பிடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவியும் காணொளிகளை நீக்கினாலே பல கைப்பேசிகள் தெளிந்துவிடும். பிறகு விசைப்பலகைச் செயலியின் தற்காலிக நினைவகத்தை அழித்துவிட்டு, கைப்பேசியை மறுதொடக்கம் செய்யுங்கள். திரைமேல் தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்து, தட்டுகளே பதியாமல் போனால், மெல்லியதாக மாற்றுங்கள். தொடுதல் உணர்திறனைக் கூட்டும் அமைப்பு இருந்தால் அதையும் இயக்குங்கள்.

இவை பயன் தராவிட்டால் ரேம் போதவில்லை என்று கொள்ளலாம். 4 ஜிபி ரேம் உள்ள கைப்பேசியில், வேறு செயலிகளுக்கு இடம் தேவைப்படும்போது விசைப்பலகைச் செயலி நினைவகத்திலிருந்து வெளியேற்றப்படுவதும், அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து ஏற்றப்படுவதும் உண்டு. அடுத்து வாங்கும்போது 8 ஜிபி ரேமும், மெதுவான இஎம்எம்சி வகையல்லாமல் வேகமான யுஎஃப்எஸ் வகைச் சேமிப்பும் உள்ளதாகப் பாருங்கள்.

கேள்வி: புதிய விசைப்பலகைச் செயலியை நிறுவும்போது, 'நீங்கள் தட்டும் கடவுச்சொற்கள் உள்பட எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை வருகிறது. பயமாக இருக்கிறது. ஏற்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: எந்த விசைப்பலகையை நிறுவினாலும் ஆண்ட்ராய்டு இந்த எச்சரிக்கையைக் காட்டும், ஏனெனில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அந்தச் செயலியின் வழியேதான் போகிறது. ஆகவே எச்சரிக்கை வருவதாலேயே செயலி தீயது என்று ஆகாது. அதே சமயம் அதை அலட்சியமாகக் கடந்துவிடவும் கூடாது. பெயர் தெரிந்த, பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு வரும் செயலியாகத் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகைக்குத் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் தேவையில்லை. அவற்றைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பேசித் தட்டச்சு செய்யும் வசதிக்கு மட்டும் ஒலிவாங்கி அனுமதி வேண்டியிருக்கும். ஐபோனில், வெளியிலிருந்து நிறுவிய விசைப்பலகைக்கு முழு அணுகல் (Full Access) என்ற அனுமதியைத் தராமலேயே பெரும்பாலும் தமிழ் எழுத முடியும். வங்கிச் செயலியில் கடவுச்சொல் தட்டும்போது மட்டும், மொழி மாற்றும் விசையை அழுத்தி, கைப்பேசியோடு வந்த விசைப்பலகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.